புள்ளலூரில் ஒரு ஸ்காட்லாந்து வேர்

ஸ்ரீபெரும்புதூரில் புதுக் கார்களைச் சுமந்து வரும் டிரெய்லர்களுக்கு வழிவிட்டு, காஞ்சிபுரம் பக்கம் திரும்பினால் வயல்களுக்கு நடுவே புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் நொறுக்கிய இடம். பெய்லியின் ஊர் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் பக்கம். காஞ்சிபுரத்தில் படையோடு இருந்தும் உதவிக்கு வந்து சேராத ஹெக்டர் மன்றோவும் ஸ்காட்லாந்துக்காரர்தான்!

பிடிபட்டவர்களில் டேவிட் பேர்ட் என்ற ஸ்காட்லாந்து அதிகாரியும் ஒருவர். மகன் சங்கிலியில் கிடக்கிறான் என்று கேட்ட தாய், அவனோடு பிணைக்கப்பட்டவன் பாடுதான் பாவம் என்றாளாம். நம்மூர் அம்மாக்களும் சொல்லக்கூடியதே.

இந்தப் படையில் இருந்த ஸ்காட்லாந்து மூதாதையரை இன்றைய சந்ததியினர் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஸ்காட்லாந்தில் அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1855இல்தான் தொடங்கியது; அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகளே கதி. மதராஸின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே மங்கிய மையில் குடும்பப் பெயர் கண்ணில் பட்டுவிட்டால், அன்றிரவே உறவுக்காரர்களுக்கெல்லாம் சேதி பறக்கும்.

புள்ளலூருக்கே வருபவர் ஏமாறவும் கூடும். அங்குள்ள இரண்டு நினைவுத் தூண்களும் பெய்லியின் ஆட்களுக்கானவை அல்ல. 1781 ஆகஸ்ட் 27 அன்று அங்கேயே மீண்டும் நடந்த சண்டையில் மாண்ட இருவருக்கானவை. சிறையிலேயே இறந்த பெய்லிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1816இல் நினைவிடம் எழுப்பியவர் அவருடைய உறவினர். அதே ஊரில், திப்புவின் தரியா தௌலத் அரண்மனைச் சுவரோவியத்தில், பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார் பெய்லி.