கிசியேரா

ஸ்பானிய வினைவடிவம், ‘விரும்பு’ எனப் பொருள்படும் ‘கெரேர்’ என்பதிலிருந்து வந்தது. அதன் மூலம் ‘தேடு’ என்னும் லத்தீன் ‘குவைரெரே’. ‘விரும்பினார்கள்’ என்பதற்கு ‘கிசியேரோன்’. ஈற்று ‘ரோன்’ கெட்டு ‘ரா’ சேர்ந்தால் ‘கிசியேரா’. ‘பேசினார்கள்’ என்னும் ‘அப்லாரோன்’ இப்படியே ‘அப்லாரா’ ஆகும். எல்லா வினைக்கும் இதே விதி. ‘ரா’வுக்குப் பதில் ‘சே’ வரும் ‘கிசியேசே’யும் உண்டு, பேச்சில் அது குறைவு.

லத்தீனில் ‘ரா’ வடிவம் ‘செய்திருந்தான்’ என முடிந்ததைச் சொன்னது. இன்று நடக்காததைக் கருதிச் சொல்கிறது: ‘சி கிசியேரா, பெந்த்ரியா’ என்றால், அவன் மனம் வைத்தால் வருவான், வைக்கமாட்டான் என்பது உட்கிடை.

பணிவுக்கும் இதுவே. கடையில் ‘கியேரோ உன் கஃபே’ என்றால் ‘எனக்குக் காபி வேணும்’. ‘கிசியேரா உன் கஃபே’ என்றால் ‘ஒரு காபி கிடைக்குமா?’