காஷே: செய்ன் நதியும் பொங்கோல் கடற்கரையும்

மிக்கேல் ஹானெக்கேயின் ‘காஷே’ (2005) படத்தை முதல்முறை பொங்கோல் வீட்டில் நண்பன் ஒருவனோடு சேர்ந்து பார்த்தேன். பாரிஸில் ஒரு சந்து, ஒரு வீட்டின் முகப்பு. கேமரா அசையவில்லை. பின்னணி இசை இல்லை. யாரோ நடந்து போகிறார்கள், அவ்வளவுதான். “லிஃப்ட் சிசிடிவி மாதிரி இருக்குடா, கதை எப்ப ஆரம்பிக்கும்?” என்று கேட்ட நண்பன் கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனான். ஆனால் அவன் சொன்னது சரிதான். திடீரென்று திரையில் கோடுகள் ஓடி, காட்சி பின்னோக்கிச் சுற்றுகிறது. நாம் அதுவரை பார்த்தது, அந்த வீட்டுக்கு யாரோ அனுப்பிவைத்த ஒரு வீடியோ கேசட்.

கதையைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

ஜார்ஜ் தொலைக்காட்சியில் இலக்கிய நிகழ்ச்சி நடத்துபவன். டேனியல் ஓத்தேய் நடித்திருக்கிறார். மனைவி ஆனாக ஜூலியட் பினோஷ். கேசட்டுகள் தொடர்ந்து வருகின்றன, கூடவே குழந்தை வரைந்ததுபோல ரத்தம் கக்கும் முகங்கள். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஜார்ஜின் ஆறு வயது வருகிறது. அவன் குடும்பத்துப் பண்ணையில் ஓர் அல்ஜீரியத் தம்பதி வேலை செய்தார்கள். 1961 அக்டோபரில் பாரிஸ் ஊர்வலத்துக்குப் போன அவர்கள் திரும்பவில்லை. அநாதையான அவர்களுடைய மகன் மஜீதைத் தத்தெடுக்க ஜார்ஜின் பெற்றோர் நினைத்தபோது, சின்ன ஜார்ஜ் அவனைப் பற்றிப் பொய் சொல்லி வீட்டைவிட்டு அனுப்பவைத்தான்.

அந்த ஊர்வலத்தைப் பற்றிப் படம் சில வாக்கியங்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சரித்திரம் அவ்வளவு சுருக்கமானது இல்லை. அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பாரிஸ் போலீஸ் தலைவர் மோரிஸ் பப்போன், அல்ஜீரியர்கள் மட்டும் இரவில் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். அதை எதிர்த்து 1961 அக்டோபர் 17 அன்று குடும்பம் குடும்பமாக, ஆயுதமில்லாமல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரே இரவில் சுமார் 11,000 பேர் கைது. பலர் அடித்துக் கொல்லப்பட்டார்கள், பலர் செய்ன் நதியில் வீசப்பட்டார்கள். அரசு ஒப்புக்கொண்ட சாவு வெறும் மூன்று. ழான்-லுக் ஐனோதி 1991-ல் வெளியிட்ட நூலில் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 200. செய்ன் நதிக்கரையில், சேன் மிஷேல் பாலத்தருகே ஒரு நினைவுப்பலகை வைக்க 2001 வரை ஆனது. அதற்கிடையில், 1998-ல், பப்போனுக்கு வேறொரு வழக்கில் தண்டனை கிடைத்தது: இரண்டாம் உலகப்போரின்போது போர்தோவிலிருந்து யூதர்களை வதைமுகாம்களுக்கு அனுப்ப உடந்தையாக இருந்த குற்றம்.

கேசட்டை அனுப்பியது யார் என்று ஹானெக்கே கடைசிவரை சொல்வதில்லை. ஆறு வயதுப் பையனுக்கு அவர் தண்டனை கொடுக்கவும் இல்லை. அவருடைய கண் நாற்பது தாண்டிய ஜார்ஜ் மேல்தான். மஜீத் அவன் கண்முன்னே கழுத்தை அறுத்துக்கொண்டு சாகிறான். ஜார்ஜ் சினிமாவுக்குப் போகிறான். வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுக்கிறான். அந்தத் திரைச்சீலைதான் படத்தின் குற்றப்பத்திரிகை என்று எனக்குப் படுகிறது. அன்றைக்குத் தெரியாமல் செய்ததுக்கு மன்னிப்பு உண்டு. இன்றைக்குத் தெரிந்துகொள்ள மாட்டேன் என்று படுத்துவிடுகிறோமே, அதுக்கு?

*

என் வீட்டிலிருந்து சைக்கிளில் கொஞ்ச தூரம் போனால் பொங்கோல் முனை. படகுத்துறையில் தூண்டில் போடும் மாமாக்கள், எதிரே புலாவ் உபின், அந்தப் பக்கம் ஜொகூர். அங்கே ஒரு நினைவுப்பலகை இருக்கிறது. அதைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறேன். ‘காஷே’ பார்த்த பிறகுதான் நின்று வாசித்தேன்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மூன்று நாளில் ‘சூக் சிங்’ தொடங்கியது. ஜப்பானுக்கு எதிரானவர்கள் என்று சந்தேகப்பட்ட சீன ஆண்களை வடிகட்டிக் கொல்லும் நடவடிக்கை அது. மேல் சிராங்கூன் சாலையில் வீடு வீடாகத் தேடி சுமார் 1,000 பேரைப் பிடித்தார்கள். உடம்பில் பச்சை குத்தியிருந்தால் ரகசியக் கும்பல்காரன் என்று முடிவுகட்டினார்கள். பிப்ரவரி 28 அன்று, பிடிபட்டவர்களில் 300 முதல் 400 பேரைப் பொங்கோல் கடற்கரையில் சுட்டுக் கொன்றார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கரையைத் தோண்டியவருக்கு மண்டையோடு கிடைத்திருக்கிறது.

மேல் சிராங்கூன் சாலை எங்கிருந்து வருகிறது? தேக்கா பக்கம் தொடங்கும் நம்ம சிராங்கூன் சாலைதான் வடகிழக்கே நீண்டு மேல் சிராங்கூன் சாலையாகிறது. அதன் தேக்கா முனைக்குப் பக்கத்தில்தான் ஃபேரர் பார்க். பிப்ரவரி 17 அன்று அங்கே சுமார் 45,000 இந்தியப் போர்க்கைதிகளைத் திரட்டினார்கள். பிரிட்டிஷார் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். மேஜர் ஃபுஜிவாரா பேசினார், மோகன் சிங் பேசினார், இந்திய தேசிய ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கான கைகள் உயர்ந்தன. இன்றைக்கு எம்ஆர்டியில் ஃபேரர் பார்க்கில் ஏறினால் ஒன்பதாவது நிலையம் பொங்கோல். இரண்டு நிகழ்வுக்கும் இடையே பதினோரு நாள்.

பள்ளியில் இரண்டையும் படித்தேன். ஆனால் வேறு வேறு அலமாரியில் வைத்திருந்தேன். ஒன்று பெருமை, மற்றது பரீட்சைக் கேள்வி.

இங்கே ஒப்பீடு இடிக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஃபேரர் பார்க்கில் நின்ற சிப்பாய்கள் யாரும் பொங்கோலில் சுடவில்லை. அவர்களில் தமிழர் குறைவு. தமிழர்கள், முக்கியமாகத் தோட்டத் தொழிலாளர்கள், பெருவாரியாகச் சேர்ந்தது 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் வந்த பிறகுதான். தோட்டத்தில் கங்காணிக்கும் துரைக்கும் கும்பிடு போட்டே வாழ்ந்தவர்களுக்குச் சீருடையும் மரியாதையும் கிடைத்தது. ஜான்சி ராணிப் படையில் பெண்கள் துப்பாக்கி தூக்கினார்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு அருகதை இல்லை. பிரான்ஸ் மாதிரி இங்கே அரசும் மறைக்கவில்லை. 1962-ல் சிக்லாப் பகுதியில் எலும்புகள் கிடைத்த பிறகு, 1967 பிப்ரவரி 15 அன்று பீச் ரோட்டில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. 60 மீட்டருக்கு மேல் உயரமான நான்கு தூண்கள், நான்கு இனங்களுக்காக. அதில் ஒன்று நமக்கும்தான்.

மறைந்திருப்பது நாம் வீட்டில் சொல்லிக்கொள்ளும் கதைக்குள். அந்தக் கதை ஃபேரர் பார்க்கில் தொடங்கி ஒரே தாவலில் 1943 ஜூலை பாடாங் திடலுக்கு, ‘டில்லி சலோ’வுக்குப் போய்விடுகிறது. நடுவில் பொங்கோல் இல்லை. அதைவிட விசித்திரம், அதில் நம்முடைய சாவும் இல்லை. பாடாங்கில் முழக்கம் எழுந்த அதே 1943-ல் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ரயிலேற்றப்பட்டு சயாமுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதையில் காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். கொன்றது நமக்குத் தோழனாக வந்த அதே ராணுவம். மலேசியாவில் அதைப் பற்றித் தமிழில் நாவல்கள் உண்டு. என் தலைமுறை சிங்கப்பூர்த் தமிழர்களில் எத்தனை பேருக்கு அது வீட்டுக் கதையாக வந்து சேர்ந்தது? அடுத்தவன் சாவைப் பார்க்காமல் இருக்கத் திரைச்சீலையை இழுத்தால் நம் வீட்டுக்குள்ளும் இருட்டாகிவிடுகிறது.

*

பதினைந்து வயதில், பள்ளித் தமிழ்ப் பாட ஒப்படைப்புக்காக அப்பாயியைப் போனில் பதிவு செய்தேன். தலைப்பு ‘ஜப்பான்காரன் காலம்’. 1942-ல் அவருக்கு ஏழு வயது, சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் வீடு. மரவள்ளிக்கிழங்கு, வாழைமர நோட்டு எல்லாம் பேசினார். நேதாஜி பற்றியும் சொன்னார். அந்த ஒப்படைப்புக்கு நல்ல மதிப்பெண். அதில் எதிர்வீட்டுச் சீனர் ஒருவரைப் பற்றியும் அப்பாயி சொல்ல ஆரம்பித்து, பேச்சை மாற்றிவிட்டார் என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தேன். போன வருசம் பழைய ஹார்ட் டிஸ்கில் அந்தப் பதிவு கிடைத்தது.

“எதுத்தாப்ல ஒரு தவுக்கே மளிகைக்கடை வச்சிருந்தாரு. எனக்கு முட்டாய் குடுப்பாரு. அவரையும் மவனையும் கூப்ட்டுப் போனானுவ. அந்தம்மா மட்டும் வாசல்லயே...”

இங்கே ஒரு சின்ன இடைவெளி. பிறகு என் குரல், அவசரமாக:

“சரி அப்பாயி, நேதாஜியப் பாத்தீங்களா?”

சுற்றிச் சுற்றிக் கேட்டேன். பேச்சை மாற்றியது நான்தான். ஒப்படைப்புக்கு ஐந்து நிமிடம்தான் அனுமதி, சீனக் கடைக்காரர் கதை எனக்குத் தேவைப்படவில்லை. பதினைந்து வயதுப் பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதுக்கப்புறம் அப்பாயி எட்டு வருசம் உயிரோடு இருந்தார். நான் பொறியியல் படித்தேன், வேலைக்குப் போனேன், பொங்கல் தீபாவளிக்கு எல்லாம் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். வாசலில் நின்ற அந்தம்மா என்ன ஆனார், கடைக்கு என்ன பேர், ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.