பந்தயப் பாதையும் பார்வையாளரும்: ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார்ப் பந்தயத்தின் வரலாற்றை எழுதியோருட் பெரும்பாலோர் வீரர்களையும் இயந்திரங்களையும் பற்றியே எழுதியுள்ளனர். எவர் வென்றார், எத்துணை வேகத்திற் சென்றார் என்பனவே அவ்வரலாற்றின் பொருளாயின. ஆயின், பாதையோரத்தில் நின்று பந்தயத்தைக் கண்டு களித்த பொதுமக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. பந்தயக்காரன் தன் உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தை அறிந்தே காரில் ஏறுகிறான். பார்வையாளனோ அத்தகைய உடன்பாடு எதனையும் செய்துகொண்டவனல்லன். அவனது பாதுகாப்புக்கு எவர் பொறுப்பு என்னும் வினா எவ்வாறு எழுந்தது, அதற்கு எவ்வாறு விடை தேடப்பட்டது என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்க காலப் பந்தயங்கள் ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குப் பொதுவீதிகள் வழியே நடைபெற்றன. 1903ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி வெர்சாய் நகரிலிருந்து தொடங்கிய பாரிஸ் – மட்ரிட் பந்தயம் இவ்வகையினது. வீதியின் இருமருங்கும் பெருந்திரளான மக்கள் கூடி நின்றனர். எழுந்த புழுதியில் முன்னாற் செல்லும் வண்டி பின்வருவோருக்குத் தெரியவில்லை. மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஒரு வண்டி எவ்வளவு விரைவில் தம்மை வந்தடையும் என்பதை அக்கால மக்கள் அனுபவத்தால் அறிந்திருக்கவுமில்லை. மார்சல் ரெனோ உள்ளிட்ட பந்தயக்காரரும் பார்வையாளரும் மாண்டனர். பிரெஞ்சு அரசு போர்தோ நகரிலேயே பந்தயத்தை நிறுத்திவிட்டது. பொதுவீதியில் நகருக்கு நகர் ஓடும் பந்தயம் இதன்பின் பெரும்பாலும் கைவிடப்பட்டு, அடைக்கப்பட்ட சுற்றுப்பாதைகளுக்கு இடம் மாறிற்று. 1907இல் இங்கிலாந்தில் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ் பாதை பந்தயத்துக்கென்றே அமைக்கப்பட்டதாகும்.

சுற்றுப்பாதை ஒரு சிக்கலைத் தீர்த்தது, வேறொன்றைத் தோற்றுவித்தது. வீதி நெடுகிலும் சிதறி நின்ற மக்கள் இப்பொழுது ஓரிடத்தில் அடர்ந்து நின்றனர். வண்டிகள் மிக விரைவாகச் செல்லும் நேர்ப்பாதையின் அருகிலேயே பார்வையாளர் மேடைகள் எழுந்தன. வேகத்தை அண்மையில் நின்று காண்பதற்கே மக்கள் பணம் கொடுத்தனர். 1928இல் இத்தாலியின் மொன்சாவில் எமிலியோ மத்தராசியின் வண்டி கூட்டத்தினுட் பாய்ந்தபோது அவரும் இருபதுக்கு மேற்பட்ட பார்வையாளரும் உயிரிழந்தனர்.

இவ்வரலாற்றின் பெருந்துயரம் 1955ஆம் ஆண்டு யூன் மாதம் 11ஆம் திகதி மாலை பிரான்சின் லீ மான்ஸில் நிகழ்ந்தது. இருபத்துநான்கு மணிநேரப் பந்தயம் தொடங்கி ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் கழிந்திருந்தது. ஜகுவார் வண்டியை ஓட்டிய மைக் ஹோதோர்ன், லான்ஸ் மக்லினின் ஒஸ்ரின்-ஹீலி வண்டியை முந்திச் சென்று, வலப்புறத்திலிருந்த தரிப்பிடத்துக்குச் செல்லும் பொருட்டு வேகத்தைத் தணித்தார். மோதலைத் தவிர்க்க மக்லின் இடப்புறம் விலகினார். பின்னால் மிகுந்த வேகத்தில் வந்த பியர் லெவேயின் மெர்சிடிஸ் வண்டி மக்லினுடைய வண்டியின் சரிந்த பின்புறத்தின் மீது ஏறி, பார்வையாளர் பக்கத்து மண்மேட்டில் மோதிச் சிதறிற்று. இயந்திரமும் முன் அச்சும் ஏனைய பாகங்களும் கூட்டத்தை ஊடறுத்துச் சென்றன. மக்னீசியக் கலப்புலோகத்தாலான வண்டியின் உடல் தீப்பற்றி எரிந்தது. லெவேயும் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளரும் மாண்டனர்.

பந்தயம் நிறுத்தப்படவில்லை. கூட்டம் ஒரே நேரத்தில் வெளியேறினால் வீதிகள் அடைபட்டு, காயமுற்றோரைக் கொண்டுசெல்லும் வண்டிகள் தடைப்படும் என்பது அமைப்பாளர் கூறிய காரணமாகும். மெர்சிடிஸ் குழுவினர் நள்ளிரவுக்குப் பின்னர் தம் ஏனைய வண்டிகளை விலக்கிக் கொண்டனர். ஹோதோர்ன் தொடர்ந்து ஓடி, மறுநாள் ஐவர் பூப் என்பவருடன் வெற்றி பெற்றார்.

குற்றவாளி ஹோதோர்னா, மக்லினா, லெவேயா என்னும் வாதம் நெடுங்காலம் நிகழ்ந்தது. விசாரணை வீரர் எவர்மீதும் குற்றஞ்சாட்டவில்லை. வரலாற்று மாணவன் ஈண்டு வேறொரு வினாவை எழுப்புதல் வேண்டும். வீரன் தவறிழைத்தலும் வண்டி பழுதுறுதலும் பந்தயத்தில் எதிர்பார்க்கத்தக்கவையே. அத்தவறு பார்வையாளனின் உயிரைப் பறிக்கும் வண்ணம் அவ்விடம் அமைந்திருந்தது ஏன்? லீ மான்ஸில் இப்பந்தயம் 1923இல் தொடங்கியது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் வண்டிகளின் வேகம் பன்மடங்காயிற்று. தரிப்பிடத்துக்கும் பாதைக்கும் இடையே சுவரில்லை. மக்களுக்கும் பாதைக்கும் இடையே தாழ்ந்த மண்மேடும் வேலியுமே இருந்தன. வண்டி வளர்ந்தது, பாதை வளரவில்லை என்பதே உண்மையாகும்.

இதன் விளைவுகள் பல. அவ்வாண்டிற் பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் கிராண்ட் பிறீ பந்தயங்கள் கைவிடப்பட்டன. சுவிற்சர்லாந்து 1958இற் சுற்றுப்பாதைப் பந்தயங்களைச் சட்டத்தால் தடைசெய்தது. லீ மான்ஸின் தரிப்பிடப் பகுதி இடிக்கப்பட்டு, பாதை அகலமாக்கப்பட்டு, பார்வையாளர் மேடைகள் பின்தள்ளி அமைக்கப்பட்டன.

எனினும் ஓரிடம் கற்ற பாடத்தைப் பிறிதோரிடம் தானாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1957இல் இத்தாலியின் பொதுவீதிகளில் நடைபெற்ற மில்லே மில்லியா பந்தயத்தில் அல்போன்சோ தே போர்த்தாகோவின் பெராரி வண்டி, ரயர் வெடித்து வீதியோரத்திற் பாய்ந்தது. அவரும் துணைவரும் ஒன்பது பார்வையாளரும் மாண்டனர்; அவ்வொன்பதின்மருள் ஐவர் சிறுவர். வண்டியைச் செய்த என்சோ பெராரிமீது வழக்குத் தொடுக்கப்பட்டு, 1961இல் அவர் விடுவிக்கப்பட்டார். அதே 1961இல் மொன்சாவில் வொல்ப்காங் பொன் றிப்ஸுடன் பதினைந்து பார்வையாளர் மாண்டனர். 1986இற் போர்த்துக்கல் றலியில் மக்கள் வீதியின் மீதே நின்று, வண்டி நெருங்கும் கணத்தில் விலகி வழிவிட்டனர். கட்டுப்பாட்டை இழந்த வண்டியொன்று கூட்டத்திற் புகுந்து மூவரைக் கொன்றது. 1903ஆம் ஆண்டின் காட்சி எண்பத்துமூன்று ஆண்டுகளின் பின்னும் அவ்வாறே திரும்பியமை சிந்திக்கற்பாலது.

படிப்படியாகச் சில நெறிகள் நிலைபெற்றன. பாதைக்கும் மக்களுக்குமிடையே தூரம், வண்டி வேகந்தணிய வெற்றுநிலம், அதன்பின் தடுப்பு, தடுப்பின்மேற் சிதறல்களைத் தாங்கும் கம்பிவலை. கழன்ற சில்லுகள் பறவாதிருக்க அவற்றை வண்டியுடன் பிணைக்கும் வடங்களும் வந்தன. ஆயினும் 2000இல் மொன்சாவிலும் 2001இல் மெல்பேர்ணிலும் பாதைப் பணியாளர் ஒவ்வொருவர் கழன்ற சில்லுகளால் உயிரிழந்தனர். மக்கள் தகாத இடத்தில் நின்றால் றலியின் அப்பகுதியையே நிறுத்திவிடும் வழக்கமும் ஏற்பட்டது. இவையாவற்றுள்ளும் இறுதியிற் கூறியதே அரியது. வேலிக்குப் பணம் போதும். பந்தயத்தை நிறுத்துதற்கோ துணிவு வேண்டும்.

இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. 2024ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் வண்டியொன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்திற் புகுந்தது. சிறுமி ஒருத்தி உட்பட எழுவர் மாண்டனர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் மலைநாட்டுக்குக் குடும்பத்துடன் சென்றோர் கண்டு மகிழும் பந்தயம் அது. லீ மான்ஸின் பின் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக உலகம் சேர்த்துவைத்த அறிவு இரகசியமானதன்று. பாதையோரத்தில் நிற்கும் குழந்தை அவ்வறிவை அறிந்திருக்க வேண்டியதில்லை. அக்குழந்தையை அங்கு நிற்க விடுவோர் அறிந்திருத்தல் வேண்டும். விபத்தின் பின் வண்டியோட்டியைத் தேடுவதற்கு முன்னர், மக்கள் எங்கே நின்றனர், அங்கே நிற்க எவர் இடமளித்தார் என வினவும் வழக்கம் நம்மிடையே வேரூன்றுமாயின், மாண்டோர்க்கு நாம் செய்யும் கடமையுட் சிறுபகுதியேனும் நிறைவேறியதாகும்.