இன்மை எதற்குச் சான்று? திருமணப் பதிவடைவுகளும் கொடிவழி ஆய்வின் நெறியும்

கொடிவழி ஆய்வாளருக்குத் திருமணப் பதிவைப் போலப் பயன்தரும் ஆவணம் வேறில்லை. இரண்டு குடும்பங்களை அது ஒரே பதிவில் இணைத்துக் காட்டுகிறது. ஆனால் பல லட்சம் பதிவுகளுக்கு நடுவே வேண்டியதைக் கண்டடையப் பெயரடைவு இல்லாமல் முடியாது. இந்தத் தேவையே ஒரு தவறான பழக்கத்துக்கும் இடம் தந்துவிட்டது. அடைவில் பெயர் கிடைத்தால் திருமணம் உறுதி என்றும், கிடைக்காவிட்டால் திருமணமே நடக்கவில்லை என்றும் முடிவுகட்டும் கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றன. இரண்டு முடிவுகளும் பிழை. அடைவில் ஒரு பெயர் இருப்பது பதிவேட்டுக்கு வழிகாட்டும் குறிப்பு மட்டுமே; இல்லாமற்போவது, முதலில், அந்த அடைவு உருவான முறையைப் பற்றிய சான்று. எனவே எந்த அடைவையும் பயன்படுத்துமுன் அதன் வரலாற்றை ஆராய்வது ஆய்வாளரின் கடமை. இங்கிலாந்தின் அடைவுகளையும், அவற்றோடு நேரடித் தொடர்புடைய சென்னைப் பதிவுகளையும் கொண்டு இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதிவேட்டிலிருந்து அடைவுவரை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசின் குடிமைப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. அதன்படி ஒவ்வொரு ஆங்கிலிக்கத் தேவாலயத்திலும் திருமணங்கள் இரட்டைப் பதிவேடுகளில் எழுதப்பட்டன. மணமக்களும் சாட்சிகளும் கையொப்பமிட்டனர். எழுதத் தெரியாதவர்கள் குறியிட்டனர். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை குருவானவர் அந்தப் பதிவுகளைப் படியெடுத்து மாவட்டப் பதிவாளருக்கு அனுப்பினார். அங்கிருந்து படிகள் லண்டனிலுள்ள தலைமைப் பதிவு அலுவலகம் சேர்ந்தன. எழுத்தர்கள் அவற்றைத் தொகுதிகளாகக் கட்டி, காலாண்டுவாரியாகப் பெயரடைவு எழுதினர். 1998 முதல் தன்னார்வலர்கள் ஃப்ரீபிஎம்டி என்ற திட்டத்தின் கீழ் அந்த அடைவுகளைக் கணினியில் ஏற்றிவருகின்றனர்.

ஆகவே இன்று திரையில் தோன்றும் ஒரு பெயர் மூல ஏட்டிலிருந்து குறைந்தது மூன்று முறை கைமாறி வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு பெயர் விடுபடலாம், ஓரெழுத்து திரியலாம், பக்க எண் மாறலாம். மைக்கேல் விட்ஃபீல்ட் ஃபாஸ்டர் 1998இல் வெளியிட்ட நூல், 19ஆம் நூற்றாண்டுத் திருமணப் பதிவு முறையில் நேர்ந்த இத்தகைய பிழைகளை ஆராய்கிறது. லண்டன் அடைவில் கிடைக்காத திருமணம் மாவட்டப் பதிவாளரிடமோ தேவாலயத்திடமோ உள்ள மூல ஏட்டில் இருக்கக்கூடும். அங்கே தேடிப் பார்க்காமல் ‘மணம் நடக்கவில்லை’ என்று எழுதுவது ஆய்வாகாது.

பக்க எண்ணிலிருந்து பெறும் ஊகம்

இந்த அடைவு தரும் செய்தி மிகக் குறைவு: பெயர், பதிவு மாவட்டம், தொகுதி எண், பக்க எண். 1912 தொடக்கம்வரை துணைவரின் குடும்பப் பெயர்கூட அதில் இல்லை. மணமகனும் மணமகளும் அவரவர் குடும்பப் பெயரின்கீழ்த் தனித்தனியே நிற்கிறார்கள். இருவரையும் இணைப்பது ஒரே தொகுதி எண்ணும் ஒரே பக்க எண்ணும்தான். ஆனால் 1852 முதல் ஒரு பக்கத்தில் பொதுவாக இரண்டு திருமணங்கள் இடம்பெற்றன. அதற்கு முன் நான்கு வரை இடம்பெற்றதுண்டு. இரண்டு திருமணங்கள் உள்ள பக்கத்தில் ஓர் ஆணுக்கு இணையாக இரண்டு பெண்கள் வர வாய்ப்பு உண்டு. நான்கு உள்ள பக்கத்தில் நால்வர்.

இங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைகொடுக்கிறது. 1861ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த ஆணின் மனைவி பெயர் ஹான்னா என்றிருந்து, அடைவின் அதே பக்கத்தில் ஹான்னா ஒருத்தி மட்டும் இருந்தால் ஊகம் வலுப்பெறும். அப்போதும் அது ஊகமே. அந்தக் காலத்தில் மேரி, எலிசபெத், ஆன் என்ற பெயர்கள் ஊருக்கு ஊர் நிறைந்திருந்தன. முதல் மனைவி இறந்தபின் அதே பெயருடைய இன்னொருவரை மணந்தவர்களும் உண்டு. தந்தையின் பெயரும் தொழிலும், மணமக்களின் குடியிருப்பு, முன்மண நிலை, சாட்சிகளின் பெயர்கள் ஆகிய அனைத்தும் பதிவில்தான் உள்ளன. சாட்சிகள் பெரும்பாலும் உடன்பிறந்தோராகவோ நெருங்கிய உறவினராகவோ இருந்ததால், உறவை நிறுவுவதில் அந்தப் பெயர்களின் மதிப்பு பெரிது. அடைவோடு நின்றுவிடும் ஆய்வாளர் இவற்றை இழக்கிறார். பதிவுக்கும் ஒரு குறை உண்டு. அங்கே மணமக்களின் தாய்மார் பெயருக்கு இடம் கிடைத்தது 2021 மே மாதத்தில்தான். பெண்வழிக் கொடியைத் தேடுவோருக்கு மூல ஆவணமே ஏறத்தாழ 184 ஆண்டுகள் வாய்திறக்கவில்லை.

சட்டம் வரைந்த எல்லை

1837க்கு முந்தைய அடைவுகளைப் படிக்கச் சட்ட வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1754 மார்ச் 25 அன்று நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் திருமணச் சட்டம், ஆங்கிலிக்கத் தேவாலயத்தில் ஓலை வாசித்தோ உரிமம் பெற்றோ நடக்கும் மணத்தையே செல்லுபடியாக்கியது. யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் விலக்கு அளித்தது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் சட்டத்தின் பாதுகாப்புக்காக ஆங்கிலிக்கக் குருவானவரின் முன் நிற்க நேர்ந்தது. ஆகவே 1790இல் ஒருவரின் பெயர் ஆங்கிலிக்கத் திருமண அடைவில் இருப்பதைக் கொண்டு அவருடைய சமயத்தை முடிவுசெய்ய இயலாது. மறுபுறம், இந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தவில்லை. எல்லை கடந்து கிரெட்னா கிரீனில் மணந்தவர்களை இங்கிலாந்தின் பங்குப் பதிவுகளில் தேடினால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

தனியார் தொகுத்த அடைவுகள்

பெர்சிவல் பாய்டின் பெயரால் வழங்கும் அடைவு 1538 முதல் 1837 வரையான காலத்தைச் சேர்ந்த எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களைத் தாங்கி நிற்கிறது. அவ்வளவு பெரிய உழைப்பு, எதையும் விட்டுவைத்திருக்காது என்ற எண்ணத்தைத் தரும். ஆனால் எந்தக் கோட்டத்தின் எல்லாப் பங்குகளும் அதில் இல்லை. ஒரே பங்கிலும் சில ஆண்டுகள் விடுபட்டுள்ளன. குடும்பப் பெயர்களின் எழுத்து வேறுபாடுகளை ஒன்றுபடுத்தியே பாய்ட் தொகுத்தார். தேடுவோருக்கு இது உதவிதான். ஆனால் பதிவேட்டில் அந்தப் பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தது என்பது மறைந்துவிடுகிறது. மேலும் அவர் திருமண உரிமங்களையும் மூலங்களாகச் சேர்த்துக்கொண்டார். உரிமம் பெற்ற இணை மணந்தே தீர வேண்டும் என்பதில்லை.

இவற்றையெல்லாம் சொல்லும்போது, அடைவுகளை ஒதுக்கிவிட்டு மூல ஏடுகளுக்கே போகலாமே என்று சிலர் வாதிடக்கூடும். பாலட் அடைவு அந்த வாதத்துக்கு மறுமொழி தருகிறது. 1780 முதல் 1837 வரை நடந்த பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட திருமணங்களை, பெரும்பாலும் லண்டன் பகுதியைச் சேர்ந்தவற்றை, அது குறிக்கிறது. அதற்கு மூலமான ஏடுகளில் சில இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தன. அந்தப் பங்குகளைப் பொறுத்தவரை அடைவே எஞ்சிய சான்று. அங்கே அதை ஓர் ஆவணமாகவே மதித்து ஆராய வேண்டும். எந்த அடைவு வெறும் வழிகாட்டி, எது எஞ்சிய சான்று என்று பிரித்தறிவதே ஆய்வாளரின் திறம்.

சென்னை: ஒரு சோதனை

புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று திறப்பு அருட்பொழிவு பெற்றது. அடுத்த வாரம், நவம்பர் 4 அன்று, எலிஹு யேல் காத்தரின் ஹின்மர்ஸ் என்ற கைம்பெண்ணை அங்கே மணந்தார். அத்தேவாலயப் பதிவில் முதலாவது திருமணம் அது. ஆனால் சென்னையிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள திருச்சபைப் பதிவுப் படிகள் 1698இல்தான் தொடங்குகின்றன. அவற்றின் அடைவை மட்டும் நம்புபவருக்கு, பின்னாளில் கோட்டையின் ஆளுநராகவே உயர்ந்த ஒருவரின் திருமணம் தென்படாது. கோட்டையின் திருமணப் பதிவுகளை ஃபிராங்க் பென்னி 1907இல் அச்சிட்டு வெளியிட்டிருப்பதைத் தெரிந்தவருக்கு அது எளிதில் கிடைக்கும். 1753 பிப்ரவரி 18 அன்று அதே தேவாலயத்தில் நடந்த ராபர்ட் கிளைவ், மார்கரெட் மாஸ்கெலின் திருமணமோ படிகளின் கால எல்லைக்குள் வருகிறது. ஒரே ஆலயம், ஒரே ஆவண மரபு. இரண்டு திருமணங்களையும் பிரித்து நிறுத்துவது படியெடுக்கத் தொடங்கிய ஆண்டு மட்டுமே.

புகழ்பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத மக்களுக்கு நிலைமை இன்னும் கடினம். இந்தப் படிகள் பெருமளவு ஐரோப்பியரையும் ஐரோப்பிய வழியினரையும் பற்றியவை. ஐரோப்பியரோடு வாழ்ந்து, திருச்சபைச் சடங்கின்றியே பிள்ளை பெற்ற இந்தியப் பெண்கள் திருமண அடைவில் இடம்பெற வழியே இல்லை. மணம் நடந்த இடங்களிலும் ஞானஸ்நானப் பெயரோடு மட்டும் குறிக்கப்பட்ட பெண்ணைக் குடும்பப் பெயர் வரிசையில் தேட முடியாது. அந்தப் பெண்களின் வழிவந்தோர் இன்று தங்கள் வேரைத் தேடும்போது, ‘அடைவில் இல்லை’ என்ற விடை அவர்களுடைய மூதாட்டியை வரலாற்றிலிருந்தே நீக்கிவிடுகிறது. இதை நாம் அனுமதிக்கக் கூடாது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து இரண்டு கடமைகள் பெறப்படுகின்றன. முதலாவது, தேடுபவருக்கு உரியது. பெயர் கிடைக்கவில்லை என்று எழுதும்போது எந்த அடைவில், எந்த ஆண்டுகளுக்கு, எந்தப் பங்குகளில், எந்தெந்த எழுத்து வடிவங்களில் தேடினார் என்பதையும் அவர் எழுத வேண்டும். கிடைத்த பெயரைப் பதிவேட்டோடு ஒப்பிட்டாரா என்பதையும் சொல்ல வேண்டும். இவை இல்லாத ‘இல்லை’யை அடுத்து வரும் ஆய்வாளர் சரிபார்க்க முடியாது.

இரண்டாவது, அடைவு தொகுப்பவருக்கு உரியது. தமிழ்நாட்டின் பழைய தேவாலயங்களிலுள்ள திருமணப் பதிவேடுகளுக்குப் பெயரடைவு செய்ய முன்வருவோர் இங்கிலாந்தின் பட்டறிவை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்த ஆண்டுகள் உள்ளன, எவை கரையானுக்கு இரையாயின என்ற பட்டியல் முகப்பிலேயே இருக்க வேண்டும். திருத்திய வடிவத்தோடு ஏட்டில் உள்ள எழுத்துகளையும் அப்படியே தர வேண்டும். குடும்பப் பெயர் வழங்காத நம் வழக்கத்துக்கு ஏற்ப, இட்ட பெயர், தந்தை பெயர், ஊர்ப் பெயர் ஆகிய மூன்று வழியிலும் தேட வகை செய்ய வேண்டும். மணமகளின் தாயையும் சாட்சிகளையும் பதிவேடு குறிப்பிட்டிருந்தால், அவர்களையும் அடைவில் சேர்க்க வேண்டும். அப்படித் தொகுத்த அடைவில் ஒரு பெயர் கிடைக்காதபோது, அந்த இன்மை எதைச் சொல்கிறது என்பதை எடைபோட ஆய்வாளருக்கு உறுதியான அடிப்படை இருக்கும்.