உறைகுளிரில் உயிர்க்கலங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

உணவைக் குளிரில் வைத்துப் பேணுதல் மிகப் பழைய வழக்கமாகும். ஆயின் உயிருள்ள கலங்களை உறையச்செய்து, வேண்டியபோது மீண்டும் இயங்கவைக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே உறுதிபெற்றது. கலத்திலுள்ள நீர் பனிப்பளிங்காகும்போது மென்சவ்வுகள் சிதைந்துவிடுவதே அதுவரை நிலவிய பெருந்தடையாகும்.

1949இல் இலண்டன் ஆய்வாளரான கிறிஸ்தோபர் பொல்ஜ், ஓட்ரி சிமித், அலன் பார்க்ஸ் ஆகியோர் இத்தடையை நீக்கினர். போத்தலொன்றின் பெயர்ச்சீட்டு மாறியமையால், சர்க்கரைக் கரைசலென எண்ணிக் கிளிசரோல் கலந்த கரைசலை அவர்கள் பயன்படுத்தினர். அதில் உறைந்த சேவலின் விந்தணுக்கள் உருகிய பின்னும் அசைந்தன. 1951இல் உறைந்த விந்தின்மூலம் கன்றொன்று பிறந்தது. பின்னர் –196 பாகை செல்சியசிலுள்ள திரவ நைதரசன் இப்பேணலுக்கு நிலையான ஊடகமாயிற்று.

இவ்வறிவியலின் பயனைக் கண்டிப் பிரதேசத்தில் நேரிற் காணலாம். குண்டசாலையிலுள்ள செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிலையத்தில் உறைவிந்து உற்பத்தி செய்யப்படுகின்றது. மடுல்கெல்லை போன்ற தோட்டப் பகுதிகளில் நல்லினக் காளையொன்றை வாங்கிப் பராமரிக்கும் வசதி தொழிலாளர் குடும்பங்களுக்கு இல்லை. காளை வராத இடத்திற்கும் அதன் வித்து வந்துசேர்வது அவர்தம் பால் வருவாயோடு தொடர்புடைய செய்தியாகும்.

மனித முளையத்தை உறையவைத்த வரலாறோ துயரம் தோய்ந்தது. கல்கத்தாவின் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், உறைகுளிரில் 53 நாட்கள் பேணிய முளையத்தைத் தாயின் கருப்பையில் வைத்தார். 1978 ஒக்டோபர் 3ஆம் திகதி பெண்குழந்தை பிறந்தது. மாநில அரசு நியமித்த குழு அவரது கூற்றை ஏற்கவில்லை. தம் ஆய்வை வெளிநாட்டில் எடுத்துரைக்கவும் அவருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது. 1981 யூனில் அவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். 1984இல் அவுஸ்திரேலியாவில் உறைந்த முளையத்திலிருந்து குழந்தை பிறந்தபோது உலகம் அதனையே முதலாவதெனக் கொண்டது. 1997இல் முகோபாத்யாயின் குறிப்புகளை ஆராய்ந்த அறிஞர் ஆனந்தகுமார், அவரது உரிமையை நிலைநாட்ட முன்வந்தார்.

இன்று இம்முறைக்கான தேவை பெருகிவருகின்றது. புற்றுநோய்ச் சிகிச்சையால் மகப்பேற்றுத் திறனை இழக்கக்கூடியோர் தம் இனப்பெருக்கக் கலங்களை முன்னரே பேணுகின்றனர். 2004இல் பெல்ஜியத்தில், உறையவைத்து மீளப் பொருத்திய சூலக இழையத்தின் பயனாக ஒரு தாய் மகவீன்றாள். அரிய குருதி வகைகளும் தொப்புட்கொடிக் குருதியும் இவ்வாறே காக்கப்படுகின்றன. தேயிலை, பலா ஆகியவற்றின் வித்துக்கள் நன்கு உலர்ந்தால் முளைதிறனை இழப்பவை. எனவே அவற்றின் முளைய அச்சுக்களை உறையவைத்துக் காக்கும் ஆய்வுகள் இந்தியாவில் நிகழ்ந்துள்ளன.

தவறிய பெயர்ச்சீட்டு ஒன்றைத் துருவி ஆராய்ந்தமையால் இலண்டனில் ஓர் அறிவியல் வளர்ந்தது. உண்மையை ஆராய மறுத்தமையால் கல்கத்தாவில் ஓர் அறிஞர் அழிந்தார். உறைந்த கலம் பல்லாண்டு காத்திருந்து மீண்டும் உயிர்த்தெழலாம். அதனை உறையவைக்கக் கற்றுத்தந்த மனிதருக்கு அவ்வாய்ப்பு இல்லை. புதுமை காண்போரை அவர்தம் வாழ்நாளிலேயே நடுநிலையோடு செவிமடுத்தல் அறிஞர் அவையின் கடனாகும்.