ஆற்றில் கழிவுநீர் கலந்தால் என்ன செய்வது? பொன்னேரி மக்கள் புகார் அளிப்பது எப்படி?

இரவு மழை பெய்கிறது. விடிந்து பார்த்தால் ஆற்றுத் தண்ணீர் கருத்து, நுரை தள்ளி, மூக்கைப் பொத்த வைக்கிற வாடை அடிக்கிறது. மறுநாள் மதியம் அதிகாரி வரும்போது தண்ணீர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறது. "இங்க ஒண்ணும் இல்லையேப்பா" என்று கிளம்பிவிடுகிறார். ஆற்று மாசு குறித்த பல புகார்கள் நீர்த்துப்போவது இந்த இடத்தில்தான்.

பாட்டிலில் பிடித்த தண்ணீர் ஆதாரம் ஆகுமா?

கழிவுநீரைப் பார்த்ததும் பலர் பாட்டிலில் பிடித்து வைப்பார்கள். தப்பில்லை. ஆனால் ஆலை மீது நடவடிக்கை எடுக்க அது போதாது. 1974ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21வது பிரிவு மாதிரி எடுக்கும் முறையைச் சொல்கிறது. ஆலைத் தரப்புக்குத் தெரிவித்து, அவர்கள் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, கையெழுத்து வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதை மாசு கட்டுப்பாடு வாரியத்தால்தான் செய்ய முடியும். ஆகவே, கழிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிகாரியை அந்த இடத்துக்கு வரவைக்க வேண்டும். புகாரின் முதல் வேலையே அதுதான்.

யாரிடம் சொல்வது?

தொழிற்சாலைக் கழிவு என்று சந்தேகம் வந்தால், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இயங்கும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தை அணுக வேண்டும். முதலில் போன், அதே நாளில் எழுத்துப்பூர்வமான மனு. வாரிய இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100. மனுவின் நகலை பொன்னேரி சார் ஆட்சியருக்கும் கொடுத்து வைப்பது நல்லது. திங்கள்கிழமைகளில் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு தரலாம்.

வீட்டுச் சாக்கடை, குப்பை என்றால் நகராட்சி அல்லது ஊராட்சி. மீன்கள் செத்து மிதந்தால் மீன்வளத் துறைக்கும் சொல்ல வேண்டும். கோடையில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் மீன் சாகும் என்பதால், மீன் செத்தாலே ஆலைதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

புகாரில் என்ன இருக்க வேண்டும்?

'பொன்னேரி ஆத்துல கழிவு' என்று மொட்டையாக எழுதினால் போதாது. பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏரிக்குப் போவது ஆரணி ஆறு. எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போவது கொசஸ்தலை ஆறு. எந்த ஆறு, எந்தப் பாலம், எந்தக் கரை என்பதோடு செல்போன் காட்டும் லொகேஷனையும் எழுதுங்கள். தேதி, நேரம், நிறம், வாடை அவசியம். கழிவு குழாயில் வந்ததா, ஓடையில் வந்ததா, டேங்கர் லாரியில் வந்ததா என்பதும் அவசியம். லாரி என்றால் அதன் எண்.

கழிவு கலக்கும் இடத்தை மட்டும் படம் எடுக்காமல், அதற்குச் சற்று மேலே தெளிவாக ஓடும் தண்ணீரையும் எடுத்து வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மாசு எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். கண்ணால் பார்க்காத ஆலையின் பெயரை எழுத வேண்டாம். ஆலை வளாகத்துக்குள் போகவோ, அந்தத் தண்ணீரைக் கையால் தொடவோ வேண்டாம்.

பதில் வரவில்லை என்றால்?

புகார் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். ஆய்வு நடந்த தேதி, ஆய்வக அறிக்கை, ஆலைக்குத் தரப்பட்ட இசைவாணையின் நிபந்தனைகள் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அறிக்கை கைக்கு வந்தால் சில எண்களைப் பாருங்கள். ஆறு, ஏரிகளில் விடப்படும் ஆலைக் கழிவுநீருக்கான பொதுவான வரம்பு: பிஎச் 5.5 முதல் 9 வரை, பிஓடி லிட்டருக்கு 30 மில்லிகிராம், சிஓடி 250 மில்லிகிராம்.

அடுத்த படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னை சேப்பாக்கம் கலச மகாலில் உள்ளது. வழக்கறிஞர் இல்லாமல் நேரிலும் வாதாடலாம். பிரச்சினை தொடங்கிய 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் அவகாசம் கிடைக்கலாம். இழப்பீடு கேட்பதற்கு 5 ஆண்டுகள். வேகமாக முடியும் என்று நினைக்க வேண்டாம். கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலப்பதை எதிர்த்து மீனவர் தரப்பில் 2016இல் தொடரப்பட்ட வழக்கில் 2022இல்தான் தீர்ப்பு வந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் பரவியபோது நிலைமை வேறு. எண்ணெய் படகிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் கண்ணுக்குத் தெரிந்தது. தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மணலி சிபிசிஎல் வளாகத்தில் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை என்று மாசு கட்டுப்பாடு வாரியம் கூறியது. தமிழ்நாடு அரசு 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளைச் சரிசெய்ய தலா 10,000 ரூபாயும் நிவாரணம் அறிவித்தது. இப்படி நிவாரணமோ இழப்பீடோ கேட்கும் நிலை வந்தால், பாழான வலையின் படமும், படகுப் பதிவுச் சான்றும், மீன் விற்ற ரசீதும் கையில் இருக்க வேண்டும்.