கடம்பத்தூர் வழியே போன முதல் பாதை

ராயபுரம் ரயில் நிலையத்தைச் சென்னையின் சொத்தாகவே பேசிப் பழகிவிட்டோம். 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த கட்டடம் அது. பம்பாயின் பழைய போரிபந்தர் நிலையம் மறைந்து அந்த இடத்தில் விக்டோரியா டெர்மினஸ் எழுந்துவிட்டதால், இந்தியாவில் இன்றும் நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் என்ற பெயரும் அதற்கே. எல்லாம் சரிதான். ஆனால் அங்கிருந்து புறப்பட்ட ரயில் எங்கே போனது என்று கேட்பவர் குறைவு. திருவள்ளூர், கடம்பத்தூர், அரக்கோணம் வழியாக இன்றைய வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போனது அந்தப் பாதை. ராயபுரத்தின் தூண்களுக்குத் தரும் மதிப்பில் பாதியாவது இந்த வழியிலுள்ள சிறு நிலையங்களுக்கும் தரவேண்டும் என்கிறேன்.

மதராஸ் ரயில்வே கம்பெனி 1853இல் வேலையைத் தொடங்கியபோது பட்டணத்து மக்களின் போக்குவரத்து அதன் முதல் கவலை அல்ல. மதராஸை மலபார்க் கரையின் பேப்பூரோடு இணைக்க வேண்டும். கிழக்குக் கடலின் சரக்கு மேற்குக் கடலைத் தொட வேண்டும். 1862இல் அது நடந்தது. இந்த நோக்கத்தின் தடம் நிலையங்கள் அமைந்த இடங்களில் இன்றும் தெரிகிறது. 1856இல் பாதை முடிந்த வாலாஜா ரோடு நிலையத்துக்கு முதலில் ஆற்காடு என்றுதான் பெயர். ஊரோ பாலாற்றின் தென்கரையில், நிலையமோ வடக்கே. நவாபின் பழைய தலைநகருக்காகக்கூடப் பாதை ஆற்றைக் கடக்கவில்லை. திருவள்ளூரிலும் வீரராகவர் கோயிலைத் தேடிப் பாதை வளையவில்லை. அமாவாசைக்கு வரும் பக்தர்கள் ஸ்டேஷனில் இறங்கி இன்னொரு வண்டி பிடிக்கிறார்கள். 1871இல் ராய்ச்சூர் வழியாகப் பம்பாய்த் தொடர்பு கிடைத்ததும் அரக்கோணம் பெரிய சந்திப்பானது. அன்று முதல் பம்பாய் ரயிலும் மேற்குக்கரை ரயிலும் கடம்பத்தூரைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

சிறு ஊர் ஸ்டேஷன்களில் பழைய கட்டடம் எங்கே மிஞ்சியிருக்கிறது, இடித்தும் மாற்றியும் கட்டியதில் காப்பதற்கு என்ன உண்டு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கூட்டம் பெருகும் பாதையில் நடைமேடையை நீட்டாதே, கட்டடத்தைத் தொடாதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் வரலாறு செங்கல்லில் மட்டும்தான் இருக்கிறதா? 1873இல் சென்னை சென்ட்ரல் நிலையம் வந்தபின் ராயபுரத்தின் முதன்மை மெல்லக் கைநழுவியது; அழகிய கட்டடம் நின்றது, அதன் தலைமை வேலை போனது. இந்த வழியின் சிறு நிலையங்களோ சீசன் டிக்கெட்டுடன் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குப் போகிறவர்களை நாள்தோறும் ஏற்றி அனுப்புகின்றன. முதல் பாதையின் வேலை அறுபடாமல் நடப்பது இங்கேதான். பாதையின் அகலம்கூட மாறவில்லை. தென்னிந்தியாவில் பின்னாளில் போட்ட பல பாதைகள் மீட்டர் கேஜாக இருந்து அகலமாக்கப்பட்டவை. இதுவோ தொடக்கம் முதலே ஐந்தரை அடி அகலப் பாதை.

எனவே தெற்கு ரயில்வேக்கு ஒரு வேண்டுகோள். 2005இல் ராயபுரத்தைப் புதுப்பித்தீர்கள், நல்ல காரியம். அடுத்து, ராயபுரம் முதல் வாலாஜா ரோடு வரை ஒவ்வொரு நிலையத்திலும் 1856 என்ற ஆண்டையும் பாதையின் கதையையும் தமிழில் சொல்லும் ஒரு பலகை வையுங்கள். இடிக்கும் முன் ஒவ்வொரு பழைய கட்டடத்தையும் அளந்து, படமெடுத்து, பதிவாக வையுங்கள்.